முன் சீட்டில் இருப்பது ஆளா, மூட்டையா?

சுபியின் காரில் அந்தச் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எரியும், அணையும். அணைந்துவிட்டதே என்று மூச்சு விட்டால் மறுபடி எரியும். வயிற்றுக்கு முன்னால் பூசணிக்காயை வைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி சின்னப் படம் அது. எரிந்தால் ஏர்பேக்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

பழைய கார்களில் அந்த விளக்கு எரிந்தால் அதன்மேல் ஒரு சாமி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே போவார்கள். இப்போது வருகிற கார்களில் அந்தப் பாச்சா பலிக்காது. ஏர்பேக்குக்கு மூளை வைத்துவிட்டார்கள். சீட்டுக்குள்ளே தோல் மாதிரி ஒன்றை விரித்திருக்கிறார்கள். உட்காருகிறவரின் எடை என்ன, முதுகு எங்கே படுகிறது, மூச்சு எப்படி ஏறி இறங்குகிறது என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வண்டி மோதினால் பயில்வானுக்கு ஒரு மாதிரி, வயசாளிக்கு ஒரு மாதிரி, பச்சைப்பிள்ளைக்கு ஒரு மாதிரி பை விரியும். உட்கார்ந்திருப்பது யாரென்று பிடிபடாவிட்டால் விளக்கை எரியவிடும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். அப்போதும் பிடிபடவில்லையென்றால் வண்டி தானாகவே ஓரம் கட்டி நின்றுவிடும். யாரைக் காப்பாற்றப் போகிறோம் என்று தெரியாத வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. நல்ல சட்டம்தான். எத்தனையோ வீட்டு விளக்கு அணையாமல் இருப்பது அதனால்தான்.

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலை ஒட்டிய உப்பளத்து ஊர்களில் மட்டும் அந்தச் சட்டம் சொன்னபடி கேட்கவில்லை. பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "உப்புக் காத்து." சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளக் இருக்கும். அதில் பச்சை பூத்துவிட்டது என்று மாற்றினார்கள். ஒயரை மாற்றினார்கள். கடைசியில் சீட்டையே மாற்றினார்கள். மாற்றிய அன்றைக்கு விளக்கு சமர்த்தாக இருக்கும். மறுநாள் விடியுமுன் சுபி உப்பளத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் கண்ணடிக்கும்.

மற்ற வாடகைக் கார்க்காரர்கள் உப்பளத்து ஆளை ஏற்றுவதையே விட்டுவிட்டார்கள். "உங்க உடம்பெல்லாம் உப்பு, வண்டிக்கு ஆகாது, பஸ்ஸுல வாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். சுபி மட்டும் ஏற்றினாள். அவள் அப்பா பலவேசமே உப்பு வாருகிறவர்தான். அவள் எப்படி மாட்டேன் என்பாள்?

பலவேசத்துக்கு மட்டும் உள்ளுக்குள் வேறொரு எண்ணம் இருந்தது. காற்றும் இல்லை, ஈரமும் இல்லை, தன் ராசிதான் சரியில்லை என்று நினைத்தார். மகள் கார் வாங்கிய அன்று கோயிலுக்குக் கூட்டிப்போனாள். முன் சீட்டில் அவர் ஏறினார், விளக்கு எரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போனார்கள், எரிந்தது. அதற்கப்புறம் "எனக்கு நடந்தாத்தான் காலு பிடிக்கும்மா" என்று ஏதாவது சொல்லி நழுவிவிடுவார்.

இன்றைக்கு நழுவ வழியில்லை.

அவர் தங்கச்சி தங்கபுஷ்பத்துக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, தின்னாத மருந்து இல்லை. சரி, அவ்வளவுதான் என்று எல்லாரும் பேசாமல் இருந்தபோது போன வருஷம் தங்க விக்கிரகம் மாதிரி ஒரு பொட்டப்பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்கு இன்றைக்குக் காது குத்து. சங்கரன்கோவிலுக்கு அந்தாண்டை மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலில், பத்தரைக்கு முகூர்த்தம். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் காதில் ஊசி இறங்கும். தாயில்லாத தங்கச்சியைத் தூக்கி வளர்த்த பலவேசத்தை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு மாமன் கிடையாது.

காலையில் பலவேசம் மூன்று தடவை குளித்தார். புதுவேட்டி கட்டினார். பின் சீட்டில் அவர் மனைவி சண்முகக்கனி மாமன் சீரோடு ஏறினாள். பழத்தட்டு, பூ, பட்டுப்பாவாடை, குட்டிக் கம்மல் என்று எல்லாம் சேர்ந்து அவளுக்கே இடுக்கிக்கொண்டு உட்காரத்தான் இடம் இருந்தது. பலவேசம் முன்னால் ஏறி, பெல்ட்டைப் போட்டு, கதவை மெள்ளச் சாத்தினார். ஊர் எல்லை தாண்டவில்லை. விளக்கு எரிந்தது.

"வந்துட்டாருய்யா மகராசன்" என்றாள் சண்முகக்கனி பின்னாலிருந்து.

கார் ஒரு பெண்குரலில் பேசியது. செய்தி வாசிக்கிறவர் மாதிரி சுத்தமான தமிழ். "முன் இருக்கையில் இருப்பது ஆளா, பொருளா என்று தெளிவாகவில்லை. சரிபார்க்கவும்."

"முப்பது வருசமா எனக்கே தெளிவாகல. இவளுக்கு அவசரத்தைப் பாரேன்" என்றாள் சண்முகக்கனி.

சுபி சிரித்துவிட்டாள். பலவேசம் சிரிக்கவில்லை. "எம்மா சுபி, நான் இறங்கிக்கிடுதேன். நீயும் அம்மாவும் போங்க. நான் பஸ்ஸு பிடிச்சு வந்துருதேன்."

"பஸ்ஸு பிடிச்சு நீங்க வர்றதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே ஆயிரும்ப்பா. பேசாம உக்காருங்க. சரி, நேத்து என் வண்டில ஒரு ஆள் ஏறுனான், கேளுங்க" என்று சுபி பேச்சை மாற்றினாள். "குளத்தூர்ச் சந்தைக்குப் போறவன். கையில ஒரு சேவல். பின்னால போடுய்யான்னா கேக்க மாட்டேங்கான். இது பந்தயம் ஜெயிச்ச சேவல், மரியாதையா முன்னாலதான் உக்காரும்னு சொல்லி, பெல்ட்டையும் போட்டுவிட்டுட்டான்."

"அட கிறுக்குப் பய."

"இருங்க. இந்த வண்டி அதைப் பிள்ளைன்னு நினைச்சிக்கிட்டுது. 'முன் இருக்கையில் குழந்தை உள்ளது, மெதுவாகச் செல்லவும்'ங்குது. நான் மெதுவாப் போறேன். சேவல் கொக்கரக்கோன்னு ஒரு கத்து. உடனே இது 'குழந்தை அழுகிறது, தாலாட்டுப் போடவா'ன்னு கேக்குது!"

பலவேசத்துக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தாலாட்டு... சேவலுக்கு..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"ஏ சுபி! விளக்கைப் பாரு!" என்றாள் சண்முகக்கனி.

விளக்கு அணைந்திருந்தது.

அதிசயமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனார்கள். பலவேசம் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, துண்டைச் சரியாகப் போட்டு, முன்னைப்போல உட்கார்ந்தார். விளக்கு எரிந்தது. சண்முகக்கனிக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

"இந்த வண்டிக்குச் சிரிப்பு பிடிக்குதுட்டி! உங்க அப்பா உம்முன்னு இருந்தா மூட்டைன்னு நினைக்குது. சிரிச்சா மனுசன்னு நினைக்குது."

"அப்படி எல்லாம் இருக்காதும்மா."

"மூச்சைப் பாக்கும், நெஞ்சைப் பாக்கும்னு நீதான சொன்ன? சிரிச்சா மூச்சு ஓங்கி வரும்லா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இப்போது பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்க நேரமும் இல்லை. ஆக, அன்றைக்கு எட்டயபுரம் ரோட்டில் ஒரு குடும்பம் தங்கள் வண்டியை பேட்டரியால் பாதியும் சிரிப்பால் பாதியுமாக ஓட்டிக்கொண்டு போனது.

சண்முகக்கனி தன் பங்குக்கு ஆரம்பித்தாள். "உங்க அப்பா என்னைப் பொண்ணு பாக்க வந்தாகள்லா, அந்தக் கதை தெரியுமா உனக்கு? எங்க வீட்ல கேசரி கிண்டி வச்சிருந்தாங்க. இவுக வாயில போட்டுட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்காக. எங்க சித்தப்பா, மாப்ள, கேசரி எப்படி இருக்குன்னு கேட்டாரு. அதுக்கு இவுக சொன்ன பதிலு, 'உப்பு சரியா இருக்குங்க'!"

"ஏளா, அதைப் போயி பிள்ளைகிட்ட..."

"எங்க ஆச்சி உள்ள இருந்து சத்தம் போட்டா. உப்பளத்து மாப்ள வேண்டாம், இவன் பாயாசத்துக்கும் உப்புத்தான் கேப்பான்னு."

பலவேசம் வெட்கத்தோடு சிரித்தார். விளக்கு அணைந்தது. ஆற்றுப்பாலம் வரைக்கும் அணைந்தே கிடந்தது. பிறகு எரிந்தது. சுபி இன்னொரு கதை எடுத்தாள். அணைந்தது. கதை தீர்ந்தது. எரிந்தது.

"அப்பா, சும்மாவாவது சிரிங்கப்பா."

பலவேசம் ஹஹ்ஹஹ்ஹா என்றார். நாடகத்தில் ராஜா சிரிப்பது மாதிரி இருந்தது. விளக்கு அசையவில்லை.

"பொய்ச் சிரிப்பைக்கூடக் கண்டுபிடிச்சிருதே சிறுக்கி" என்றாள் சண்முகக்கனி, காரைப் பார்த்து. அதைக் கேட்டு பலவேசத்துக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. அணைந்தது.

இப்படியே போயிருந்தால் சங்கரன்கோவில் வரைக்கும் சிரித்தே போய்ச் சேர்ந்திருப்பார்கள். வழியில் போன் வந்துவிட்டது. தங்கபுஷ்பம்.

"அண்ணே, எங்க வாறிய?"

"எட்டயபுரம் நெருங்கிட்டோம்மா. ஓடி வந்துருவோம்."

தங்கச்சியின் குரல் கீழே இறங்கியது. பக்கத்தில் ஆள் இருக்கிறது போல. "சீக்கிரம் வாங்கண்ணே. இவுக மில்லு முதலாளி குடும்பத்தோட வந்துட்டாரு. இவுக பெரியப்பா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காரு, தாய்மாமனுக்கு முகூர்த்தம் தப்பிச்சுன்னா முதலாளி மடியிலயே வச்சு நடத்திருவோம், பிள்ளைக்கும் ராசியா இருக்கும்னு. இவுக ஒண்ணும் சொல்ல முடியாம நிக்காக. எனக்கு நீங்கதான் வேணும்ணே. எம் பிள்ளை உங்க மடியிலதான் உக்காரணும்."

"வந்துருதேன் தாயி" என்று மட்டும் சொன்னார் பலவேசம். போனை அணைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டையே பார்த்தார். விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் சேவல் கதையை மறுபடி சொன்னாலும், சண்முகக்கனி காரின் குரலில் பேசிக் காட்டினாலும், அவர் முகம் இளகவில்லை.

"ஆளா, பொருளா என்று தெளிவாகவில்லை. பாதுகாப்பு கருதி வண்டி நிறுத்தப்படுகிறது. பொறுத்தருளவும்" என்று சொல்லிவிட்டு, கார் தானாகவே இடது பக்கம் ஒதுங்கி ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. சுபி ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்து விட்டாள். அது பொறுத்தருளியது.

அந்த மாதிரி நின்ற வண்டிகளைப் பழுது பார்ப்பதற்கென்றே ரோடு நெடுக ஆட்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். ஆரஞ்சு கோட்டு, நெற்றியில் வியர்வை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. பெயர் ஸ்டெல்லா என்று கோட்டில் எழுதியிருந்தது. பலவேசம் கதவைத் திறந்து இறங்கப் போனார்.

"இறங்காதீங்க அண்ணாச்சி. அப்படியே இருங்க. இருக்கிறபடியே இருங்க" என்றாள் அவள். கையில் இருந்த கணினிப் பலகையை வண்டியோடு இணைத்து, கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"உப்புக் காத்துதான?" என்றாள் சுபி. "பிளக்கு மாத்தியாச்சு, ஒயரு மாத்தியாச்சு..."

"ஒயரு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. அண்ணாச்சி உப்பளமா?"

"ஆமா" என்றார் பலவேசம் குற்றம் செய்தவர் மாதிரி. "குளிச்சுட்டுத்தாம்மா வந்தேன். மூணு வாட்டி."

ஸ்டெல்லா பலகையைத் திருப்பிக் காட்டினாள். சீட்டின் படம். "இது தங்கச்சி உக்காந்திருக்கிற சீட்டு. பாருங்க, முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் பதிஞ்சிருக்கு. இது அண்ணாச்சி சீட்டு."

அந்தப் படத்தில் சீட்டு முழுக்க வெறுமையாகக் கிடந்தது. முன் விளிம்பில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு, வரப்பு மாதிரி, ஒரு கோடு.

மூன்று பேரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேர் பலவேசத்தைப் பார்த்தார்கள். அவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு பழத்தட்டை வைக்கலாம். இரண்டு காலும் ஊன்றி, எந்த நேரமும் எழுந்து நிற்கத் தயாராக, கை இரண்டும் முழங்காலில்.

சண்முகக்கனி வாயில் கை வைத்தாள். "ஏ யம்மா. இவுக எங்க போனாலும் இப்படித்தான உக்காருவாக! டாக்டர் வீட்டு பெஞ்சுல, பள்ளிக்கூடத்துல உன்னைச் சேக்கப் போனப்ப... எங்க கல்யாணத்துல மணையில கூட நுனியிலதான் உக்காந்தாக. நான் நாணம்னு நினைச்சேன்."

"சிரிக்கும்போது பின்னால சாஞ்சிருக்கீங்கப்பா" என்றாள் சுபி மெதுவாக. "சிரிப்பு இல்ல. சாஞ்சதுதான்."

பலவேசத்துக்குத் தன் உடம்பையே யாரோ புதிதாகக் காட்டின மாதிரி இருந்தது. எப்போது இப்படி உட்காரப் பழகினோம் என்று யோசித்தார். இளவட்டமாக இருந்தபோது காலில் கண்ணாடி குத்தி ரத்தம் கொட்டியது. உப்பளத்துக் கணக்குப்பிள்ளை தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். நல்ல மனுஷன். ஏறும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "நுனியில உக்காரு பலவேசம், சீட்டுல உப்பு ஒட்டும்." அதற்கு முன்பும் யாராவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பின் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இந்த ரோட்டுல நிக்கிற வண்டில பாதி இப்படித்தான் அண்ணாச்சி" என்றாள் ஸ்டெல்லா. "உப்பளம், தீப்பெட்டி ஆபீஸ், செங்கச் சூளை. நானும் ரொம்ப நாள் உப்புக் காத்துன்னுதான் நினைச்சேன். கோவில்பட்டி சூளைல ஏது கடல் காத்து? அப்புறம்தான் படங்களை எல்லாம் ஒண்ணாப் போட்டுப் பாத்தேன். இந்தத் தோலுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தப்ப, சொந்தமா கார் வச்சிருக்கிறவங்களைத்தான் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாங்களாம். அவங்க சாஞ்சு உக்காருவாங்க. நுனியில உக்கார்ற மனுஷன் ஒருத்தன் உலகத்துல இருக்கான்னே அதுக்குத் தெரியாது. கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன். என்னைக்குத் திருத்துவாங்களோ."

"பின்னால உக்காந்துக்கிடட்டா?" என்றார் பலவேசம்.

"பின் சீட்டுலயும் இதே தோல்தான். அங்கயும் நுனியிலதான உக்காருவீங்க?" அவள் கொஞ்சம் தயங்கினாள். "அவசரம்னா ஒண்ணு செய்யலாம். முன் சீட்டுல ஆள் இல்ல, சாமான்தான் இருக்குன்னு இதுல போட்டுருதேன். விளக்கு அணைஞ்சிரும், வண்டி கிளம்பிரும். ஆனா எங்கயாவது மோதிச்சுன்னா உங்களுக்குப் பை விரியாது. சாமானுக்கு எதுக்குப் பைன்னு விட்டுரும். அதனால உங்க சம்மதம் வேணும். இந்த இடத்துல விரலை வச்சாப் போதும்."

பலவேசத்தின் முகம் தெளிந்தது. "அதுக்கென்னம்மா, மூட்டைன்னே போட்டுரு. இத்தனை வருசம் மூட்டையோட மூட்டையா லாரில போயிருக்கேன், என்ன ஆச்சு? நேரம் ஆகுது. அங்க எம் பிள்ளை காத்திருக்கு." விரலை நீட்டினார்.

சுபி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா, நேரமாச்சு."

"விட மாட்டேன்."

"ஒரு விரலு வைக்கிறதுதானட்டி?"

"எங்க அப்பாவை மூட்டைன்னு எழுதிக் குடுத்துட்டு நான் இந்த வண்டியை எடுக்க மாட்டேன். நீங்க வேற வண்டி பாத்துக்கிடுங்க." அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கறாராக இருந்தது. "இது யார் வண்டிப்பா?"

"உன் வண்டி."

"நான் யாரு?"

"என்னட்டி கேள்வி இது? எம் மவ."

"பெறகு யாருக்குப்பா பயப்படுதிய? உப்பு ஒட்டுனா ஒட்டட்டும். நான் தொடைச்சுக்கிடுதேன். சாயுங்க."

பலவேசம் சாய்ந்து பார்த்தார். சாய்வது இத்தனை பெரிய வேலை என்று அவருக்குத் தெரியாது. இடுப்பைப் பின்னால் தள்ளினார், முதுகு வர மறுத்தது. முதுகை வைத்தார், இடுப்பு முன்னால் வந்துவிட்டது. வெயிலில் வரப்பு மேல் கூடை தூக்கி நடந்த உடம்பு. அதற்கு நிமிரத் தெரியும், குனியத் தெரியும். ஒருத்தர் சீட்டில் சாயத்தான் தெரியவில்லை. விளக்கு அணைவதும் எரிவதுமாக அவரைக் கேலி செய்தது. "வர மாட்டேங்குதும்மா" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"தள்ளு, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் சண்முகக்கனி. பழத்தட்டைப் பக்கத்தில் வைத்தாள். பின்னாலிருந்து இரண்டு கையையும் நீட்டி, அவர் தோளைப் பிடித்து, ஒரே இழுப்பு. பலவேசம் பொத்தென்று சீட்டுக்குள் விழுந்தார்.

"ஏளா, ரோட்டுல வச்சு என்ன செய்யுத!"

"கட்டிக்கிட்டவதான கட்டிப் பிடிக்கேன். வண்டியை எடுட்டி. இவுகளுக்கு இன்னைக்கு நாந்தான் பெல்ட்டு."

விளக்கு அணைந்தது. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே கையாட்டினாள். "மதினி, கையை விட்டுறாதீங்க!"

சுபி பாட்டைப் போட்டாள். வண்டி பறந்தது. கோவில்பட்டி தாண்டுகிற வரை சண்முகக்கனி பிடியை விடவில்லை. அவளுடைய வளையல் அவர் கழுத்தில் குத்தியது. அவள் தலையில் வைத்திருந்த பூ வாசம் வந்தது. பலவேசம் முதலில் விறைப்பாக இருந்தார். பிறகு மெள்ள மெள்ள உடம்பு இளகியது. முதுகுக்குப் பின்னால் மெத்தென்று ஏதோ தாங்குகிறது. இடுப்பின் பழைய வலி இருந்த இடத்தில் சூடாக, இதமாக இருக்கிறது. இத்தனை நாளும் இந்தச் சுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா சுமந்து திரிந்தோம் என்று தோன்றியது.

"இப்படித்தான் எல்லாரும் போறாங்களா?" என்றார்.

"ஆமாப்பா."

"அதான் கார்ல வர்றவன் எவனும் இறங்கவே மாட்டேங்கான்."

சுபி சத்தம்போட்டுச் சிரித்தாள். பதிலுக்கு அவர் சிரிப்பார் என்று பார்த்தாள். சத்தம் இல்லை. பலவேசம் தூங்கிப்போயிருந்தார். வாய் திறந்திருந்தது. சண்முகக்கனி பயந்து பயந்து ஒரு கையை எடுத்தாள். இன்னொரு கையையும் எடுத்தாள். விளக்கு எரியவில்லை. கார் தாழ்ந்த குரலில் கேட்டது: "முன் இருக்கையில் ஆள் உறங்குகிறார். பாட்டின் ஒலியைக் குறைக்கவா?"

"குறைடி ராசாத்தி" என்றாள் சண்முகக்கனி. கொஞ்ச நேரம் முன்னால் சிறுக்கி என்று திட்டியது அவளுக்கு நினைவில்லை.

அப்படியும் நேரம் ஆகிவிட்டது. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேளம் கேட்டது. பலவேசம் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, கூட்டத்தை நோக்கி ஓடினார். மரத்தடியில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே, மரத்தை ஒட்டிப் போட்ட மணையில் மில் முதலாளி ஆவுடையப்பன். பட்டுச் சட்டை, கையில் கடிகாரம், மடியில் பிள்ளை. பக்கத்தில் தங்கபுஷ்பம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

பலவேசம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். முதலாளி உட்கார்ந்துவிட்டார், இனி என்ன, ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போவோம் என்று வாய்வரைக்கும் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா அவரைப் பார்த்துவிட்டு, "வாங்க, வாங்க, பிந்திட்டிய. அப்படி ஓரமா நில்லுங்க, முடியப் போகுது" என்றார்.

பலவேசம் ஓரமாக நிற்கவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே மணைக்கு முன்னால் போனார். பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

"அது என் இடங்க."

பெரியப்பா பல்லைக் கடித்தார். எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். பலவேசமும் அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு நம்ப முடியவில்லை.

அவ்வளவு பெரிய மனுஷன் மணையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். காலை ஊன்றி, முதுகு விறைத்து, விளிம்புவரைக்கும் தண்ணீர் நிறைந்த குடத்தைப் பிடிப்பதுபோலப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்வையாக.

"நீங்கதான் தாய்மாமனா?" ஆவுடையப்பன் எழுந்த வேகத்தில் மணையே நகர்ந்தது. "நல்லவேளை வந்தீங்க. வாங்கய்யா, பிடிங்க. வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன், கேக்காம பிடிச்சு உக்கார வச்சுட்டாங்க. அடுத்தவன் இடத்துல உக்காந்து தொடையெல்லாம் மரத்துப்போச்சு."

சொல்லிக்கொண்டே பிள்ளையை நீட்டினார். தங்கபுஷ்பம் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பலவேசம் மணை நிறைய உட்கார்ந்தார். சம்மணம் போட்டு, முதுகை மரத்தில் சாய்த்து, பிள்ளையை மடியில் வாங்கினார். பிள்ளை அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. மூக்கைப் பிடித்து இழுத்தது.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டது. பலவேசம் அதைவிடப் பெரிதாக "ஐயோ" என்றார். கூட்டமே சிரித்தது. சுபி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் பிள்ளை பயந்ததோ, சந்தோஷப்பட்டதோ, மாமன் மடி முழுக்கச் சூடாக நனைத்துவிட்டது.

"அச்சோ, புதுவேட்டி!" என்று தங்கபுஷ்பம் ஓடிவந்தாள். "எந்திரிங்கண்ணே, வேற வேட்டி இருக்கு, மாத்திக்கிட்டு வந்து உக்காருங்க."

"கிடக்கட்டும்" என்றார் பலவேசம், அசையாமல். "இன்னொரு காது பாக்கி இருக்குல்லா."